மூத்தவரை எடைபோடும் இளைய பேனா

இருபது ஆண்டுகளுக்கு மேல் சீருடையில் இருப்பவரைப் பற்றி, சேர்ந்து சில ஆண்டுகளே ஆன அதிகாரி அறிக்கை எழுதுகிறார். அந்த மூத்தவரின் பதவியும் பென்ஷனும் அதை நம்பி இருக்கின்றன. ராணுவத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இந்த எடைபோடல் நியாயமாக நடக்க என்ன வேண்டும்?

சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பாசிங் அவுட் பரேட் நடக்கும் நாளில், பெற்றோர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பரமேஸ்வரன் டிரில் சதுக்கத்தில் இளைஞர்களும் இளம் பெண்களும் அணிவகுத்து வந்து, 'அந்திம் பக்' என்று அழைக்கப்படும் கடைசி அடியைத் தாண்டுவார்கள். பிறகு அம்மாவும் அப்பாவும் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். கேமராக்கள் எல்லாம் அங்கேதான் திரும்பியிருக்கும்.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் டிரில் உஸ்தாதை அநேகமாக யாரும் படம் எடுப்பதில்லை. ஹவில்தாராகவோ சுபேதாராகவோ இருக்கும் அவர்தான் 49 வாரங்கள் இந்தப் பிள்ளைகளை விரட்டி விரட்டி வேலை வாங்கியவர். கை வீச்சு ஒரு விரற்கடை குறைந்தால்கூட மறுபடி முதலிலிருந்து நடக்கவைத்தவர். தோளில் நட்சத்திரம் ஏறியதும் அதே பிள்ளைகளுக்கு அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் கிடைக்கும் முதல் சல்யூட் அது. அதில் அவருக்குக் குறைவு ஒன்றுமில்லை. தான் உருவாக்கியவர்கள் அதிகாரிகளாகிவிட்ட பெருமை அவர் முகத்திலேயே தெரியும்.

சல்யூட் அடிப்பதில் யாருக்கும் சிக்கல் கிடையாது. சிக்கல் சில ஆண்டுகள் கழித்து வருகிறது. இன்றைய விதிப்படி லெப்டினன்டாகச் சேர்பவர் 2 ஆண்டில் கேப்டன் ஆகிறார், 6 ஆண்டில் மேஜர். அதிகாரிகள் பற்றாக்குறை உள்ள யூனிட்டுகளில் மூத்த மேஜர் இருக்க வேண்டிய கம்பெனி கமாண்டர் நாற்காலியில் கேப்டனே உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அந்த நாற்காலிக்கு வந்தவுடன், தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எல்லையில் காவல் நின்றவர்களைப் பற்றி அவர் ஆண்டு அறிக்கை எழுதியாக வேண்டும். ஏ.சி.ஆர். என்ற மூன்றெழுத்தில் அரசு ஊழியர் எல்லோருக்கும் தெரிந்த காகிதம்தான். ராணுவத்தில் அதன் கனம் வேறு.

நடுவில் நிற்பவர்கள்

இந்திய ராணுவத்தில் ஜவானுக்கும் அதிகாரிக்கும் நடுவே ஓர் அடுக்கு இருக்கிறது. நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். குதிரைப்படை மரபில் வந்த கவசப் படைகளில் இவர்களையே நாயப் ரிசால்தார், ரிசால்தார், ரிசால்தார் மேஜர் என்பார்கள். இந்த அடுக்கு முழுவதற்கும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர், சுருக்கமாக ஜே.சி.ஓ., என்று பெயர். விமானப் படையில் கிட்டத்தட்ட இதே இடத்தில் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்று மூன்று படிகள் உண்டு.

இவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு, இருபது வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர்கள். காலாட்படை கம்பெனியில் பிளட்டூனை நடத்துவது பெரும்பாலும் ஜே.சி.ஓ.தான். பட்டாலியனுக்கு ஒருவராக இருக்கும் சுபேதார் மேஜர், ஜவான்களின் மனநிலை பற்றி கமாண்டிங் ஆபீசரிடம் நேரடியாகப் பேசும் இடத்தில் இருப்பவர். சி.ஓ. ஒரு முடிவெடுக்கும் முன், சுபேதார் மேஜர் என்ன நினைக்கிறார் என்று கேட்பது எழுதாத சட்டம்.

புதிதாக வரும் அதிகாரிக்கு யூனிட்டில் வாய்க்கும் முதல் ஆசிரியரும் பெரும்பாலும் ஒரு ஜே.சி.ஓ.தான். காலாட்படை யூனிட்டுகள் பலவற்றில் புது லெப்டினன்ட் முதலில் சில காலம் ஜவான்களோடு பேரக்கில் தங்க வேண்டும் என்பது வழக்கம். குன்னூர் அருகே வெலிங்டனில் தலைமையிடம் கொண்ட மதராஸ் ரெஜிமென்டுக்கு வடக்கிலிருந்து வரும் இளம் அதிகாரி, தன் ஜவான்களின் மொழியைக் கற்றுக்கொள்வது மரபு. எந்த ஜவானிடம் அதட்டிப் பேச வேண்டும், எவனிடம் தோளில் கைபோட்டுப் பேச வேண்டும் என்பதை அதிகாரி இந்த மூத்தவர்களிடமிருந்துதான் கற்கிறார். சுபேதாரை அதிகாரி 'சாப்' என்கிறார், அதிகாரியையும் சுபேதார் 'சாப்' என்கிறார். ஒருவர் பதவியால் பெரியவர், மற்றவர் வயதால் பெரியவர். இரண்டுக்கும் மரியாதை உண்டு என்று நூற்றாண்டுகளாகப் பழகிவந்த ஏற்பாடு இது.

இந்த மரியாதைக்கு நடுவேதான், ஆண்டுக்கு ஒருமுறை, கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுத்தவருக்கு மதிப்பெண் போடும் நாள் வருகிறது.

ஒரு கிரேடின் விலை

அறிக்கையில் கிரேடுகள் உண்டு. அவுட்ஸ்டாண்டிங், அபவ் ஆவரேஜ், ஹை ஆவரேஜ், ஆவரேஜ், பிலோ ஆவரேஜ். வெளியாள் காதுக்கு 'ஹை ஆவரேஜ்' நல்ல பாராட்டாகத்தான் கேட்கும். அதன் உண்மையான விலை, பதவி உயர்வுப் பட்டியல் போடும்போதுதான் தெரியும்.

ஹவில்தார் ஒருவர் நாயப் சுபேதார் ஆக வேண்டுமானால், 1997-ல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, அவருடைய கடைசி 5 அறிக்கைகளைப் புரட்டுவார்கள். அவற்றில் குறைந்தது 3 'அபவ் ஆவரேஜ்' ஆக இருக்க வேண்டும். மீதி எதுவும் 'ஹை ஆவரேஜ்' என்பதற்குக் கீழே போகக் கூடாது. அதாவது மூன்று முறை 'ஹை ஆவரேஜ்' வாங்கினால் கதவு மூடிவிடும். ஒரே ஒரு முறை 'ஆவரேஜ்' விழுந்தாலும் மூடிவிடும். தண்டனை வாங்காதவர், உடல்தகுதியில் குறை இல்லாதவர், எல்லாத் தேர்விலும் தேறியவர் என்றாலும், காகிதத்தில் விழுந்த அந்த ஒரு சொல் அவரைத் தாண்டிப் பின்னால் நிற்பவரை முன்னே அனுப்பிவிடும்.

பதவி கிடைக்காவிட்டால் அதே பதவியில் தொடரலாமே என்று தோன்றலாம். ராணுவத்தில் அதற்கு வழியில்லை. எத்தனை ஆண்டு பணியில் இருக்கலாம் என்பதே பதவியோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. ஹவில்தாருக்கு 24 ஆண்டு, நாயப் சுபேதாருக்கு 26, சுபேதாருக்கு 28. தகுதி இருந்தால் மேலே 2 ஆண்டு நீட்டிப்பு. பதவி உயர்வு நின்ற இடத்தில் பணிக்காலமும் நிற்கிறது. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன். ஆகவே நாற்பது சொச்சம் வயதில், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கும் நேரத்தில் வீட்டுக்கு வருவதா, இன்னும் சில ஆண்டு சம்பளத்தோடு இருப்பதா என்பது அந்தக் கிரேடில் அடங்கியிருக்கிறது. பணியின் இறுதியில் குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் அறிவிக்கப்படும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டங்களுக்கும் பழைய பதிவுகள்தான் அடிப்படை.

இத்தனையும் நிர்ணயிக்கும் முதல் கையெழுத்து இளைய அதிகாரியுடையது. மேலே சி.ஓ. பரிசீலிக்கிறார், உண்மைதான். ஆனால் எண்ணூறு பேர் கொண்ட பட்டாலியனின் தலைவர் ஒவ்வொருவரையும் அன்றாடம் பார்ப்பதில்லை. கீழே எழுதியதை அவர் பெரும்பாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

கண்ணில் படாத வேலை

நல்ல சுபேதாரின் வேலையில் பாதி, விபரீதம் நடக்காமல் பார்த்துக்கொள்வது. நடக்காமல் போன ஒன்றை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எல்லை முகாம்களில் அன்றாடம் நடக்கும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஜவானுக்கு ஊரிலிருந்து போன் வருகிறது. பங்காளிகள் வரப்பை வெட்டிவிட்டார்கள், அப்பாவை அடித்துவிட்டார்கள். அவன் யாரிடமும் சொல்வதில்லை. சாயங்காலம் ரோல் காலில் பெயர் கூப்பிட்டபோது அவன் குரல் வந்த விதத்தைச் சுபேதார் கவனிக்கிறார். இரவு சென்ட்ரி டியூட்டி பட்டியலில் அவன் பெயரை எடுத்துவிட்டு வேறொருவனைப் போடுகிறார். அவனைச் சமையற்கூடமான லங்கரில் ஒரு வேலைக்கு அனுப்பி, தானும் அங்கே போய் டீ குடித்துக்கொண்டே விஷயத்தை வாங்குகிறார். அவன் மாவட்டத்தில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார். மறுநாள் காலை கம்பெனி கமாண்டர் மேஜைக்கு ஒரு லீவு விண்ணப்பம் வருகிறது. அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். அவர் கண்ணில் பட்டது அந்தக் காகிதம் மட்டும்தான்.

முந்தின இரவு குண்டு நிரம்பிய துப்பாக்கியும் கொதிக்கும் மனசுமாக ஓர் இளைஞன் தனியாக நின்றிருக்க வேண்டியவன் என்பது அவருக்குத் தெரியாது. சுபேதாரும் சொல்லமாட்டார். அவருக்கு அது வேலை, சாதனை இல்லை. அறிக்கை எழுதும் நாளில் அதிகாரியின் நினைவுக்கு வருவது என்ன? பரேடில் கம்பீரமாக நின்ற இன்னொரு சுபேதார், ஆங்கிலத்தில் சரளமாக விளக்கம் சொன்ன சுபேதார், ஜெனரல் வந்தபோது வெள்ளையடித்துக் கல் அடுக்கி முகாமை மின்னவைத்தவர். கண்ணில் பட்டவர் மேலே போகிறார். கண்ணில் படாமல் காப்பாற்றியவர் 'ஹை ஆவரேஜ்' ஆகிறார்.

சிக்னல்ஸ், டாங்கிகளையும் வாகனங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளில் இது இன்னும் கடினம். டாங்கியின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லும் ஜே.சி.ஓ.வின் திறமையை, அந்தச் சத்தத்தில் வித்தியாசமே தெரியாதவர் எப்படி அளப்பார்?

கர்வமும் பயமும் வேறு சேர்ந்துகொள்கின்றன. ரோந்து போகும் வழியில், ஜவான்கள் முன்னால், வரைபடத்தில் அதிகாரி செய்த தவறைச் சுபேதார் திருத்தியிருக்கலாம். அது உயிரைக் காத்த திருத்தமாக இருக்கும். வாங்கிக்கொண்டவர் மனசில் முள்ளாகவும் தங்கிவிடும். இன்னொரு பக்கம், மூத்தவரைக் குறைத்து எழுதப் பயந்து எல்லோருக்கும் உச்ச கிரேடு போட்டுத் தப்பித்துக்கொள்ளும் அதிகாரியும் உண்டு. அவரால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கம்பெனியில் எல்லோருக்கும் 'அவுட்ஸ்டாண்டிங்' போட்டால், பக்கத்துக் கம்பெனியில் நேர்மையாக 'அபவ் ஆவரேஜ்' வாங்கியவர் பட்டியலில் கீழே போய்விடுகிறார். ஓர் அதிகாரியின் தாராளம் தனக்குத் தெரியாத ஒரு வீட்டின் வருமானத்தை வெட்டுகிறது.

அப்படியானால் மூப்பே போதுமா?

அனுபவமே அளவுகோல், பணிமூப்பின்படி பதவி கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் வாதிடலாம். வரலாறு அந்த வழியையும் பார்த்துவிட்டது. கிழக்கிந்திய கம்பெனியின் வங்காளப் படையில் இந்தியர்களின் பதவி உயர்வு பணிமூப்பு ஒன்றையே நம்பி நடந்தது. கண் மங்கி, நடை தளர்ந்த வயதில்தான் பலர் சுபேதார் ஆனார்கள். இளைய திறமைசாலிகள் காத்துக் காத்துச் சலித்தார்கள். பம்பாய்ப் படையில் தகுதிக்கு இதைவிட இடம் இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு படைகளைச் சீரமைத்தபோது மூப்பா தகுதியா என்பது பெரிய விவாதமாகவே எழுந்தது.

அந்தக் காலத்து ஏற்பாட்டில் இன்னொரு அநீதியும் இருந்தது. எத்தனை போர் கண்ட இந்திய சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார இளம் அதிகாரிக்குக் கீழேதான். வைஸ்ராய் கமிஷன் பெற்ற அதிகாரி என்று பின்னாளில் பெயர் வைத்தும் அந்தச் சுவர் நகரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நிறபேதம் போயிற்று. ஜே.சி.ஓ. என்ற பெயர் வந்தது. ஜமாதார் என்ற பழைய பதவி 1965-ல் நாயப் சுபேதார் ஆயிற்று. ஆனால் அடுக்கின் அமைப்பு அப்படியே நம் கைக்கு வந்தது. அன்று அந்த அடுக்கைத் தாங்கிப் பிடித்தது ஆதிக்கம். இன்று அதைத் தாங்க நியாயம் வேண்டும்.

நியாயம் இருக்கத்தான் செய்கிறது. தாக்குதலுக்கு உத்தரவிட்டு, அதன் பலனுக்கும் பழிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனி கமாண்டர். யாரை நம்பி எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்று கணிக்காமல் அவரால் ஒருநாளும் கட்டளையிட முடியாது. அந்தக் கணிப்பின் எழுத்து வடிவம்தான் அறிக்கை. இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். ஒரே வட்டாரத்திலிருந்து, சில சமயம் ஒரே குடும்பத்திலிருந்தே தலைமுறை தலைமுறையாக ஆள் வரும் ரெஜிமென்டுகள் நம்முடையவை. மூத்தவர்களே ஒருவரையொருவர் எடைபோட்டால் ஊர், உறவு, சாதி எல்லாம் தராசில் ஏறிவிடும். வெளியிலிருந்து வந்த இளையவரின் கண்ணுக்கு அந்தப் பாரம் இல்லை. நம் மாவட்டங்களில் இருபத்தாறு வயது சப் கலெக்டர், ஐம்பது வயது தாசில்தாரின் வேலையை மேற்பார்வை பார்ப்பதை ஏற்றுக்கொள்கிறோம். காரணம் இதேதான்.

ஆக, இளையவர் எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில், எழுதலாம். பார்த்ததை மட்டும், கற்றுக்கொண்டு, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுத வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.

சியாச்சின் சொல்லும் பாடம்

1987 மே மாதம். சியாச்சினில் பாகிஸ்தான் வசம் இருந்த, 'காயித் போஸ்ட்' என்று அழைக்கப்பட்ட சிகரத்துக்கு வழி தேடி ஒரு ரோந்துக் குழு கிளம்பியது. உயரம் 21,000 அடிக்கு மேல். தலைமை தாங்கியவர் செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டே. அன்று ராணுவத்தின் மிக இளைய அதிகாரிப் பதவி அது. அவரும் உடன் சென்ற பலரும் எதிரியின் குண்டுக்குப் பலியானார்கள். அதற்கு முன் பனிச்சுவரில் கயிறு கட்டி வழி அமைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து நடந்த தாக்குதலுக்கு அந்த இளைஞரின் பெயரையே வைத்தார்கள், ஆபரேஷன் ராஜீவ். மேஜர் வரிந்தர் சிங் தலைமையில் நடந்த அந்த நடவடிக்கையில், ஜூன் 26 அன்று கடைசிச் சரிவில் ஏறி பதுங்குகுழியைக் கைப்பற்றிய குழுவை நடத்தியவர் நாயப் சுபேதார் பானா சிங். அப்போது அவருக்கு 38 வயது. சிப்பாயாகச் சேர்ந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அந்தச் சிகரம் இன்று பானா டாப்.

வழி கண்டுபிடித்த இளையவரும் அந்த வழியில் ஏறி முடித்த மூத்தவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இதில் யார் பெரியவர் என்று கேட்பது வீண். ஒரு நாயப் சுபேதாருக்குள் இப்படியொரு ஆள் இருக்கிறார் என்பதைச் சமாதான காலத்தில், முகாமில், அவருடைய அதிகாரி கண்டுகொண்டாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. போர் வந்த பிறகு யார் வீரர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன்பே தெரிந்துகொள்வதற்குத்தான் ஆண்டு அறிக்கை.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

இதே சங்கடம் அமெரிக்க ராணுவத்திலும் உண்டு. கடலில் கண்ணிவெடி பதிக்கும் கப்பல்களை ஓட்டத் தொழில் தெரிந்தவர்கள் வேண்டும் என்று 1918 ஜூலை 9 அன்று அங்கே வாரண்ட் ஆபீசர் என்ற அடுக்கைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். இன்று ஹெலிகாப்டர் ஓட்டுவதிலிருந்து வாகனப் பராமரிப்பு, கணினிப் பாதுகாப்பு வரை நுணுக்கமான தொழில்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. பதவி வரிசைப்படி, மிக மூத்த வாரண்ட் ஆபீசரும் நேற்று வந்த லெப்டினன்டுக்குக் கீழேதான்.

அப்பாச்சி ஹெலிகாப்டரில் இரண்டே இருக்கைகள். வானத்தில் யார் சொல்வது செல்லும் என்பதைப் பதவி தீர்மானிப்பதில்லை, தகுதி தீர்மானிக்கிறது. மூத்த வாரண்ட் ஆபீசர் விமானத் தலைவராகவும் பிளட்டூன் தலைவரான லெப்டினன்ட் அவருக்கு உதவி விமானியாகவும் பறப்பது அங்கே சாதாரணம். தரையிறங்கியதும் வரிசை மாறிவிடும். லெப்டினன்டின் கையில் அறிக்கைப் படிவம் இருக்கும்.

இதைச் சீராக்க அங்கே சில வேலிகள் போட்டிருக்கிறார்கள். குறைந்தது 90 நாள் மேற்பார்வை பார்த்தவர்தான் அறிக்கை எழுதலாம். பொறுப்பேற்ற முதல் 30 நாளுக்குள் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, இந்த ஆண்டு எதை எதிர்பார்க்கிறேன் என்று பேசிக்கொள்ள வேண்டும். தான் செய்த வேலைகளை வாரண்ட் ஆபீசரே எழுதிக் கொடுக்கத் தனிப் படிவம் உண்டு. கண்ணில் படாத வேலை காகிதத்துக்கு வர அது ஒரு வழி. மேலதிகாரி தரும் உச்ச கிரேடு, அவர் எழுதும் அறிக்கைகளில் பாதிக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். எல்லோரையும் உச்சியில் ஏற்ற முடியாது. பாதகமாக எழுதினால், எழுதப்பட்டவரிடம் காட்டி அவருடைய விளக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

விதிகள் எத்தனை இருந்தாலும், காகிதத்தில் உண்மை ஏறுவது எழுதுபவரின் மனசாட்சியைப் பொறுத்ததுதான் என்பதற்கு அமெரிக்க ராணுவ வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய் கிராமம். கீழே அமெரிக்கப் படையினர் நிராயுதபாணிகளான கிராமத்து மக்களைக் கொன்றுகொண்டிருப்பதை வானிலிருந்து பார்த்தார் வாரண்ட் ஆபீசர் ஹியூ தாம்சன். ஹெலிகாப்டரை இறக்கி, பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் வில்லியம் கேலியோடு வாதிட்டார். பதவியில் கேலி மேலே, வாதம் எடுபடவில்லை. மறுபடி பறந்த தாம்சன், தப்பி ஓடிய கிராமத்தாருக்கும் துரத்திவந்த சொந்தப் படையினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். நம்மவர்கள் மக்களைச் சுட்டால் நம்மவர்களையே சுடுங்கள் என்று தன் குழுவினருக்குச் சொல்லிவிட்டு, எஞ்சியவர்களைக் காப்பாற்றி அனுப்பினார்.

ராணுவம் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. கூடவே வந்த சான்றில், இரு தரப்புக் கடும் துப்பாக்கிச் சண்டைக்கு இடையே சிக்கிய குழந்தையை மீட்டதாக எழுதியிருந்தது. அங்கே சண்டையே நடக்கவில்லை, கொலைதான் நடந்தது. அந்தப் பதக்கத்தைத் தாம்சன் தூக்கி எறிந்தார். நடந்ததை நடந்தபடி ஏற்று, அவருக்கும் குழுவினர் இருவருக்கும் ராணுவம் பதக்கம் கொடுத்தது 1998-ல். முப்பது ஆண்டுகள் தாமதம். அந்த இருவரில் ஒருவர் வியட்நாமிலேயே இறந்துபோயிருந்தார். கீழே இருப்பவர் சரியானதைச் சொன்னார், செய்தார் என்று எழுதும் துணிவு மேலே இருப்பவருக்கு இல்லாவிட்டால், பாராட்டுப் பத்திரமே பொய்யாகிவிடும்.

மறைத்து வைத்த கிரேடு

நம் நாட்டில் தேவ் தத் என்ற பொறியாளரின் வழக்கு அரசு ஊழியர்கள் மத்தியில் பிரபலம். எல்லைப்புறச் சாலைகள் அமைப்பில் பணியாற்றிய அவருக்கு ஓர் ஆண்டில் 'குட்' என்று கிரேடு விழுந்திருந்தது. பதவி உயர்வுக்கு வேண்டியதோ 'வெரி குட்'. 'குட்' பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பாதகமோ சாதகமோ, அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு கிரேடையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் முறையிடவும் முடியாது, திருத்திக்கொள்ளவும் முடியாது.

அதே தீர்ப்பு ஒரு துறைக்கு மட்டும் விலக்குத் தந்தது. ராணுவத்துக்கு.

பின்னர் ராணுவத்தினருக்கென்று 2007 சட்டப்படி ஆயுதப் படைத் தீர்ப்பாயங்கள் வந்தன. சென்னையிலும் ஒரு அமர்வு இயங்குகிறது. தனக்குச் சொல்லப்படாத கிரேடு தன் வழியை அடைத்துவிட்டது என்று தீர்ப்பாயத்தின் படியேறும் ஹவில்தார்களும் ஜே.சி.ஓ.க்களும் இருக்கிறார்கள். வழக்கு முடியும்போது வென்றாலும் வயது திரும்புவதில்லை. கட்டுப்பாடு குலையும் என்ற பயத்தில்தான் ரகசியம் காக்கப்படுகிறது என்பது புரிகிறது. ஆனால் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் ஒன்றை, முதுகுக்குப் பின்னால் எழுதுவதால் எந்தக் கட்டுப்பாடு வளரும்? 'சாப்' என்று மரியாதையாக அழைப்பவரிடம், இந்த ஆண்டு உங்கள் வேலையில் இது குறைந்தது என்று உட்காரவைத்துச் சொல்ல முடியாத அதிகாரி, எதிரியின் முன்னால் கடினமான முடிவை எப்படிச் சொல்வார்?

இனி என்ன?

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிவில் நால்வரில் ஒருவர்தான் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகிறார். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் எப்படி இருந்தார் என்ற மதிப்பீடு தேர்வில் முக்கிய இடம் பெறுகிறது. நாளைய ஹவில்தார்களும் சுபேதார்களும் இந்தச் சல்லடையில் தங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் தலையில் மதிப்பீட்டின் பாரம் முதல் நாளிலிருந்தே ஏறிவிடுகிறது. எடைபோடும் கை தேர்ந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் முன்பைவிட இப்போது அதிகம்.

முதலில், எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுக்கும் அதே கறாரோடு, ஒரு மனிதரின் ஓராண்டைப் பற்றி நான்கு வரி எழுதவும் அகாடமியிலேயே பழக்க வேண்டும். பழைய அறிக்கைகளைப் பெயர் நீக்கிக் கொடுத்து, எதில் ஆதாரம் இருக்கிறது, எதில் வெறும் அபிப்பிராயம் இருக்கிறது என்று கேடட்டுகள் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த வகுப்பை நடத்த ஓய்வுபெற்ற சுபேதார் மேஜரைவிடத் தகுந்தவர் யார்?

இரண்டாவது, பொறுப்பேற்ற மாதத்திலும் ஆண்டின் நடுவிலும் அதிகாரியும் ஜே.சி.ஓ.வும் கட்டாயம் உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதற்குப் பதிவு இருக்க வேண்டும். தான் செய்ததை ஜே.சி.ஓ. தன் மொழியில் எழுதிக் கொடுக்க இடம் வேண்டும். ஆங்கிலம் வராததால் ஒருவருடைய உழைப்பு காகிதத்துக்கு வராமல் போகக் கூடாது.

மூன்றாவது, சுபேதார் மேஜரின் கருத்தையும், தொழில்நுட்பப் பிரிவுகளில் அந்தத் தொழில் தெரிந்த மூத்தவரின் கருத்தையும் எழுத்தில் வாங்கி அறிக்கையோடு இணைக்க வேண்டும். கிரேடு போடும் பொறுப்பு அதிகாரியிடமே இருக்கட்டும், பார்க்கும் கண்கள் பலவாக இருக்கட்டும்.

நான்காவது, பரிசீலிக்கும் சி.ஓ. கையெழுத்துக்கு முன் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இதை நீங்கள் எங்கே, எப்போது பார்த்தீர்கள்? பதில் இல்லாத கிரேடைத் திருப்பி அனுப்ப வேண்டும். இளைய அதிகாரியின் சொந்த அறிக்கையிலும், தன் கீழ் இருப்பவர்களை எவ்வளவு நேர்மையாக எடைபோட்டார் என்பதற்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டால், பேனாவை எடுக்கும்போதே கவனம் வந்துவிடும்.

கடைசியாக, கிரேடைச் சொல்லிவிட வேண்டும். தரும்போதே, முகத்துக்கு நேரே. உச்ச நீதிமன்றம் தந்த விலக்கு ராணுவத்தைத் தடுக்கவில்லை. கட்டாயப்படுத்தாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். தானே முன்வந்து சொல்ல ராணுவத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டாம், பட்ஜெட்டில் ஒதுக்கீடு வேண்டாம். ராணுவத் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு போதும். சுபேதாருக்கு நியாயம் கிடைத்ததா என்பதை அவர் பிளட்டூனில் இருக்கும் ஒவ்வொரு ஜவானும் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாளை தனக்கும் அதுதான் என்று அவனுக்குத் தெரியும். நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறவன்தான் ஆபத்தில் அதிகாரியின் சொல்லை நம்பி எழுந்து ஓடுவான். அந்த நம்பிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை காப்பாற்றும் வாய்ப்பு ஒவ்வொரு இளம் அதிகாரிக்கும் கிடைக்கிறது. அதற்கு அவரைத் தயார்செய்து அனுப்புவது ராணுவத்தின் கடமை. அடுத்த ஆண்டு அறிக்கைகள் எழுதப்படும் முன்பே அந்த உத்தரவு வர வேண்டும்.